மாமூலும் அடியும்: 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' எதை விசாரிக்கிறது?

1. கேள்வி

கர்ட்டிஸ் ஹான்சன் இயக்கிய 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' 1997 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, செப்டம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒன்பது ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்ற படம் அது. 'டைட்டானிக்' விருதுகளை அள்ளிக்கொண்டு போன அந்த ஆண்டில் இதற்குக் கிடைத்தவை இரண்டு: கிம் பேசிங்கருக்குத் துணை நடிகை விருது, ஹான்சனுக்கும் பிரையன் ஹெல்கலண்டுக்கும் தழுவல் திரைக்கதை விருது. 2015இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. இன்று நியோ-நுவார் வகைக்கு உதாரணம் கேட்டால் 'சைனாடவுன்' பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெயர் பெரும்பாலும் இதுதான்.

போலீஸ் ஊழலைத் தோலுரித்த படம் என்பது இதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ஒற்றை வரி. அந்த வரியைச் சற்று நிறுத்தி, எந்த ஊழலை என்று கேட்பதே இக்கட்டுரையின் வேலை. போலீஸ் நிலையம் குற்றவாளியாகும் வழிகள் இரண்டு. ஒன்று, காசு: மாமூல், பங்கு, போதைப்பொருள் வியாபாரம். மற்றொன்று, கை: லாக்கப்பில் அடிப்பது, பொய் வழக்கு ஜோடிப்பது, சுட்டுத் தள்ளுவது. முதலாவதைச் செய்பவன் துறைக்குத் துரோகம் செய்கிறான். இரண்டாவதைச் செய்பவனோ பல சமயம் துறைக்கு விசுவாசமாக இருந்தே அதைச் செய்கிறான். இந்தப் படம் இரண்டாவதில் தொடங்கி முதலாவதில் முடிகிறது. இடையில் எங்கோ ஒரு வழக்கு கைமாறிவிடுகிறது. அந்தக் கைமாற்றம் எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. 1953ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸ். மிக்கி கோஹன் என்ற தாதா சிறைக்குப் போய்விட்டான். அவன் விட்டுச்சென்ற காலி இடத்துக்குப் போட்டி நடக்கிறது. மூன்று போலீஸ்காரர்கள். விதிப்புத்தகமும் பதவி உயர்வும் மட்டுமே தெரிந்த எட் எக்ஸ்லி (கை பியர்ஸ்). பெண்களை அடிக்கும் ஆண்களைக் கண்டால் வெறிகொள்ளும் பட் வைட் (ரஸ்ஸல் குரோ). தொலைக்காட்சித் தொடருக்கு ஆலோசகராக இருந்துகொண்டு, கிசுகிசுப் பத்திரிகைக்காரனிடம் ஐம்பது டாலர் வாங்கி நடிகர்களைக் கைதுசெய்யும் ஜாக் வின்சென்ஸ் (கெவின் ஸ்பேசி). 'நைட் ஔல்' என்ற காபிக்கடையில் ஆறு பேர் கொல்லப்படுகிறார்கள். மூன்று கறுப்பின இளைஞர்கள் பிடிக்கப்படுகிறார்கள், தப்புகிறார்கள், சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். உண்மையில் அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் காவல்துறையின் மூத்த கேப்டன் டட்லி ஸ்மித் (ஜேம்ஸ் குரோம்வெல்). கோஹனின் தொழிலைத் தன் கைக்குள் கொண்டுவருவதுதான் அவர் திட்டம். பியர்ஸும் குரோவும் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்கள். அன்று அமெரிக்க ரசிகருக்கு அதிகம் பழகாத முகங்கள். நன்கு தெரிந்த முகமான ஸ்பேசி கதையின் நடுவிலேயே செத்துப்போகிறார். யார் மிஞ்சுவார் என்று கணிக்க முடியாத அந்தப் பதற்றத்தில் பாதி, நடிகர் தேர்வு தந்த கொடை.

2. 1951, கிறிஸ்துமஸ் இரவு

படத்தின் தொடக்கத்தில் வரும் லாக்கப் அடி கற்பனையல்ல. படம் அதை 1953இல் வைக்கிறது, நடந்தது 1951இல். டிசம்பர் 24 இரவு ஒரு மதுக்கடையில் வயது குறைந்தவர்கள் குடிப்பதாகப் புகார் வந்து இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். கைகலப்பு ஏற்பட்டது. ஏழு இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர், இருவர் வெள்ளையர். நிலையத்தில் விதிகளை மீறிக் குடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்த போலீஸ்காரர்களிடையே, காயம்பட்ட சக காவலருக்கு ஒரு கண் போய்விட்டது என்ற வதந்தி பரவியது. பிறகு நடந்ததில் ஐம்பது பேர் வரை அடித்தவர்களாகவோ நின்று பார்த்தவர்களாகவோ இருந்தார்கள். அடிபட்டவர்களின் முக எலும்புகள் உடைந்தன, உள்ளுறுப்புகள் சிதைந்தன.

பத்திரிகைகள் முதலில் எழுதியது மதுக்கடைச் சண்டையைப் பற்றித்தான். லாக்கப்பில் நடந்தது 1952 மார்ச்சில்தான் பொதுவெளியில் வெடித்தது. மெக்சிகோ வம்சாவளி அமைப்புகள் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தன. நகரமன்ற உறுப்பினர் எட்வர்ட் ராய்பல் குரல் எழுப்பினார். ஒரு நீதிபதி விசாரணை கோரினார். எட்டு பேர்மீது குற்றச்சாட்டு பதிவாகி ஐவர் தண்டனை பெற்றார்கள். 39 பேர் தற்காலிகப் பணிநீக்கம், 54 பேர் இடமாற்றம். அமெரிக்கக் காவல்துறை வரலாற்றில் அன்றைய தேதிக்கு இது சிறிய எண்ணிக்கையல்ல.

படத்தில் இந்த நிகழ்வு என்னவாகிறது? மேலதிகாரிகளின் அறையில் எக்ஸ்லி ஒரு யோசனை சொல்கிறார். ஓய்வூதியம் உறுதியாகிவிட்ட பழைய ஆட்கள்மீது பழியைப் பரப்பிவிடலாம், அவர்களை ஓய்வில் அனுப்பலாம். ஆனால் யாராவது ஓரிருவர் சிறைக்குப் போகத்தான் வேண்டும். பதிலுக்கு எக்ஸ்லிக்கு லெஃப்டினன்ட் பதவி. படத்தின் மிகக் கூர்மையான ஐந்து நிமிடம் இது. சீர்திருத்தம் என்பது ஒரு நிர்வாகக் கணக்கு, யாரை எவ்வளவு விலைக்கு விற்பது என்ற பேரம், என்று இந்தக் காட்சி சொல்கிறது. சாட்சி சொல்லும் நேர்மையான அதிகாரியும் அந்தப் பேரத்தில் ஒரு தரப்புதான்.

ஆனால் இந்தக் காட்சியோடு அடிபட்டவர்கள் படத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பெயரில்லை, வீடில்லை, வழக்கில்லை. கதையின் நோக்கில் அந்த இரவின் பயன் மூன்று போலீஸ்காரர்களின் பணிவாழ்க்கையைத் திசைதிருப்புவது மட்டுமே. பட் வைட்டின் கூட்டாளி ஸ்டென்ஸ்லண்ட் வேலையிழக்கிறார், வின்சென்ஸ் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகிறார், எக்ஸ்லி மேலே போகிறார். ராய்பலைப் போன்ற ஓர் அரசியல்வாதிக்கோ வீதியிலிருந்து எழுந்த அழுத்தத்துக்கோ திரைக்கதையில் இடமில்லை. துறையைத் தட்டிக்கேட்டது துறைக்குள்ளிருந்த ஒரு லட்சியவாதியே என்று படம் மாற்றிவிடுகிறது. வரலாற்றில் நடந்தது நேர்மாறு.

3. பார்க்கரின் துறை, டட்லியின் துறை

இங்கே காலக்கணக்கு முக்கியமாகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் முழுக்க முழுக்க மாமூலில் மிதந்த காலம் ஒன்று இருந்தது. அது 1930களும் 40களும். 1938 ஜனவரியில், நகர ஊழலைத் துருவிய ஒரு தனியார் துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது. அதற்குத் தண்டனை பெற்றவர் காவல்துறையின் உளவுப் பிரிவுத் தலைவர். அதே ஆண்டு மேயர் ஃபிராங்க் ஷா வாக்காளர்களால் திரும்ப அழைக்கப்பட்டார். 1949இல் பிரெண்டா ஆலன் என்ற விபசார விடுதி நடத்துநருக்கும் போலீசுக்கும் இருந்த தொடர்பு அம்பலமாகி, காவல்துறைத் தலைவரே விலக நேர்ந்தது.

1950 ஆகஸ்டில் வில்லியம் பார்க்கர் தலைவரானார். 1966இல் பதவியிலிருக்கும்போதே இறக்கும்வரை அவர்தான் தலைவர். பார்க்கரைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஆயிரம் சண்டை உண்டு என்றாலும், மாமூல் ஊழலைப் பெருமளவு ஒழித்தவர் என்பதை அவருடைய எதிரிகளும் அதிகம் மறுப்பதில்லை. அவர் கட்டியது வேறொன்று: கடும் ஒழுங்கு, உளவுக் கோப்புகள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தன்னாட்சி. காவல்துறைத் தலைவரை எளிதில் நீக்க முடியாதபடி 1937இல் நகர சாசனம் திருத்தப்பட்டிருந்தது. அந்தத் திருத்தத்துக்காக உழைத்தவர்களில் அன்றைய இளம் அதிகாரி பார்க்கரும் ஒருவர்.

எட்வர்ட் எஸ்கோபார் என்ற வரலாற்றாசிரியர் 2003இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த முரணை மையமாகக் கொண்டது. கிறிஸ்துமஸ் இரவு வழக்கிலிருந்து பார்க்கர் பலவீனப்பட்டு வெளிவரவில்லை, வலுப்பெற்றே வந்தார் என்பது அவர் வாதம். தொழில்முறை நேர்த்தி என்ற பெயரில், அரசியல்வாதிகளின் தலையீட்டிலிருந்து போலீஸ் விடுபட்டது. அதே வாசல் வழியாகக் குடிமக்களின் கண்காணிப்பிலிருந்தும் விடுபட்டது. தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் உரிமை துறைக்கு வாய்த்தது.

இந்தப் பின்னணியில் டட்லி ஸ்மித்தைப் பாருங்கள். கோஹனின் ஹெராயினைத் தன்வசப்படுத்தும், தாதா தொழிலைப் போலீஸ் கைக்குள் கொண்டுவரும் இந்தக் கேப்டன் 1938க்குப் பொருந்துவார். 1953இல் அவர் காலம் தவறி வந்தவர். படத்தில் வெளியூர் ரவுடிகளை ஒதுக்குப்புற மோட்டலுக்கு இழுத்துப் போய் உதைத்து ஊரைவிட்டு அனுப்புகிறார்கள். அதற்கு வரலாற்று வேர் உண்டு. 1946இல் உருவான ஒரு சிறப்புப் படை அதையே வேலையாகச் செய்தது. ஆனால் அவர்கள் அதைத் துறையின் ஒப்புதலோடு, நகரத்தைக் காக்கிறோம் என்று நம்பியே செய்தார்கள். ஒரு கேப்டன் தாதாவாவதற்காகச் செய்யவில்லை. படம் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு தனிமனிதப் பேராசையைச் செருகுகிறது. செருகியதும் அடி என்பது காசுக்கான கருவியாகச் சுருங்கிவிடுகிறது.

காலக்குழப்பம் கலைக்குக் குற்றமா என்று கேட்கலாம். தன்னளவில் இல்லை. 'சைனாடவுன்' (1974) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த தண்ணீர் அபகரிப்பை 1937க்கு நகர்த்தியது. அந்த நகர்த்தலால் அபகரிப்பின் பொருள் இன்னும் கூர்மையானது. இங்கே நகர்த்தல் எதிர்வேலை செய்கிறது: பார்க்கர் காலத்தின் சொந்தக் குற்றத்தை, அவர் ஒழித்த பழைய குற்றத்தால் மூடிவைக்கிறது.

4. தந்தை என்ன ஆனார்?

ஜேம்ஸ் எல்ராயின் மூல நாவல் 1990இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸைப் பற்றிய அவருடைய நான்கு நாவல்களில் மூன்றாவது. 1951 தொடங்கி 1958வரை ஓடும் அந்தக் காட்டை இரண்டேகால் மணிநேரத்துக்குள் கொண்டுவந்தது திரைக்கதையாளர்களின் அசாத்தியத் திறமை. எதை வெட்டினார்கள் என்பதைவிட, வெட்டிய இடத்தில் எதை நட்டார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

நாவலில் எக்ஸ்லியின் தந்தை உயிரோடிருக்கிறார். முன்னாள் போலீஸ் அதிகாரி, இப்போது பெரும் கட்டுமான அதிபர். வால்ட் டிஸ்னியை நினைவூட்டும் ஒரு கார்ட்டூன் சக்கரவர்த்தியோடு அவருக்குக் கூட்டு. கேளிக்கைப் பூங்கா, சாலைகள், நகரத்தின் எதிர்காலம் எல்லாம் அவர்கள் கையில். மகன் துருவத் துருவ, அழுகல் தன் வீட்டு அஸ்திவாரம்வரை போவதைக் காண்கிறான். படத்தில் தந்தை இறந்துபோன வீரர். பெயர் தெரியாத ஒரு பிக்பாக்கெட்டால் சுடப்பட்டவர். பிடிபடாத அந்தக் கொலையாளிக்கு எக்ஸ்லி சிறுவயதில் வைத்த கற்பனைப் பெயர் 'ரோலோ டொமாசி'. நாவலில் இந்தப் பெயரே கிடையாது.

திரைக்கதைத் தொழில்நுட்பமாக இது அபாரம். வின்சென்ஸ் சாகும் தறுவாயில் அந்தப் பெயரை டட்லியிடம் உதிர்க்கிறார். டட்லி அதை விவரம் தெரியாமல் எக்ஸ்லியிடம் விசாரிக்கிறார். எக்ஸ்லிக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அரங்கில் மூச்சுச் சத்தம் கேட்காத தருணம் அது. ஆனால் இந்த உத்திக்கு ஒரு விலை உண்டு. தப்பிக்கும் குற்றவாளி ஓர் ஆள் என்று அது முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. பரம்பரைச் சொத்தாக வந்த அழுகல், அநாதையின் காயமாக மாறுகிறது. காயத்துக்குப் பழிவாங்கலாம். சொத்தை என்ன செய்வது? எல்ராயின் எக்ஸ்லிக்கு அந்தச் சங்கடம் இருந்தது.

நகரம் கட்டப்படும் விதத்துக்கும் போலீசுக்கும் உள்ள தொடர்பு படத்தில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பியர்ஸ் பாட்செட் என்ற பணக்காரர், நடிகைகளைப் போல முகம் திருத்தப்பட்ட பெண்களை வைத்துத் தொழில் நடத்துகிறார்; நெடுஞ்சாலைத் திட்டத்திலும் அவருக்குப் பங்கு. அவர் வீடாகக் காட்டப்படுவது ரிச்சர்ட் நாய்ட்ரா வடிவமைத்த புகழ்பெற்ற லவல் இல்லம். எஃகும் கண்ணாடியுமான அந்த வீட்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஊழலுக்கு அப்படியொரு வெளிச்சமான முகவரி கொடுத்தது நல்ல யோசனை. ஆனால் பாட்செட்டும் தற்கொலை போல ஜோடிக்கப்பட்டுச் செத்துப்போகிறார். நெடுஞ்சாலை கதைக்கு வெளியே போய்விடுகிறது.

எல்ராயின் நாவல்கள்மீது மைக் டேவிஸ் 'சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்' நூலில் வைத்த விமர்சனம் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருவது. இருட்டு அளவுக்கு மீறிப்போனால் தீமை அன்றாடச் சங்கதியாகி உறைப்பை இழந்துவிடும் என்பது அதன் சாரம். அந்த விமர்சனத்துக்கு ஹான்சனின் படம் ஒரு பதில் போலவே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் டான்டே ஸ்பினோட்டியோடு சேர்ந்து அவர் பழைய நுவாரின் சாய்ந்த நிழல்களையும் புகைமூட்டத்தையும் வேண்டுமென்றே தவிர்த்தார். வெயில், பளிச்சென்ற சுவர்கள், முகத்துக்கு நேரே வைத்த கேமரா. காட்சியளவில் இது வெற்றி. கதையளவில் அந்த வெயில் சில மூலைகளுக்குப் போகவேயில்லை.

5. அடியின் கவர்ச்சி

டட்லி தொடக்கத்தில் எக்ஸ்லியிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். குற்றவாளி என்று உனக்குத் தெரிந்தவன்மீது சாட்சியத்தைத் திணிப்பாயா? அடித்து வாக்குமூலம் வாங்குவாயா? வழக்கறிஞர் தப்பவைத்துவிடக்கூடியவனை முதுகில் சுடுவாயா? மூன்றுக்கும் இல்லை என்கிறார் எக்ஸ்லி. அப்படியானால் துப்பறியும் பிரிவு உனக்கு ஆகாது என்கிறார் டட்லி. படத்தின் முடிவில் எக்ஸ்லி டட்லியை முதுகில் சுடுகிறார். சுட்டுவிட்டு, வந்துகொண்டிருக்கும் போலீஸ் வண்டிகளை நோக்கிப் பேட்ஜை உயர்த்திப் பிடிக்கிறார்.

அரங்கம் கைதட்டும் இடம் இது. தட்டும் கை எதற்குத் தட்டுகிறது என்று யோசித்தால் சங்கடம் தொடங்குகிறது. டட்லியின் மூன்றாம் கேள்விக்கு எக்ஸ்லி தன் பதிலை மாற்றிக்கொண்டார். டட்லியின் பாடத்தில் தேறிவிட்டார். வழிமுறையில் டட்லி சொன்னது சரி, நோக்கம்தான் கெட்டது என்று படம் ஒப்புக்கொள்கிறது.

இது ஒரு காட்சியில் நேர்ந்த சறுக்கல் அல்ல. நைட் ஔல் விசாரணையில் மூன்று இளைஞர்களும் மூன்று அறைகளில் இருக்கிறார்கள். எக்ஸ்லி ஒலிபெருக்கிப் பொத்தானைத் திருகித் திருகி, ஒருவன் பேச்சை மற்றவன் கேட்கச் செய்து, சொல்லாலேயே உடைக்கிறார். கண்ணாடிச் சுவரில் விசாரிப்பவர் முகமும் பார்த்துக்கொண்டிருப்பவர் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. படத்தின் ஆகச் சிறந்த காட்சியமைப்பு. ஆனால் அவர்கள் கடத்தி வைத்திருக்கும் பெண் எங்கே என்ற கேள்விக்கு விடை வாங்குவது அந்தச் சாமர்த்தியம் அல்ல. பட் வைட் உள்ளே பாய்ந்து ஒருவன் வாயில் துப்பாக்கியைத் திணித்தபிறகே பதில் வருகிறது. அந்தப் பதிலால் ஒரு பெண் உயிர் பிழைக்கிறாள். பிறகு மாவட்ட வழக்கறிஞரை ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிட்டு உண்மையைப் பிடுங்குவதும் வைட்தான். பக்கத்தில் நிற்பது எக்ஸ்லி. அடி இந்தப் படத்தில் ஒருமுறைகூடப் பொய்யான வாக்குமூலத்தைத் தருவதில்லை. அடித்தால் உண்மை வரும் என்பது இந்தக் கதையின் இயற்பியல் விதி. லாக்கப்புகளின் வரலாறு தெரிந்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள்.

அந்த மூன்று இளைஞர்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. அவர்கள் நைட் ஔல் கொலைகளைச் செய்யவில்லை. டட்லியின் ஆட்கள் ஜோடித்த வழக்கு அது. எக்ஸ்லி அவர்களைச் சுட்டு வீழ்த்தியதற்காகப் பதக்கம் வாங்குகிறார். நம் ஊர்ப் பத்திரிகை மொழியில் சொன்னால் என்கவுன்டர். பிறகு அவர்கள் நிரபராதிகள் என்று தெரியவருகிறது. கதை இங்கே உண்மையிலேயே கனக்க வேண்டும். ஆனால் திரைக்கதை முன்பே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது: அதே இளைஞர்கள் ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பெண்ணைக் கடத்திப் பலாத்காரம் செய்தவர்கள். அந்தப் பெண்ணே, அவர்கள் சாகட்டும் என்று நேரத்தை மாற்றிப் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்கிறாள். எனவே எக்ஸ்லியின் குற்றவுணர்வு வழக்கைப் பற்றியது மட்டுமே. கொல்லப்பட்டவர்களைப் பற்றியது அல்ல. இந்த ஏற்பாடு நாவலிலிருந்தே வருகிறது என்பது உண்மை. படம் அதைத் தக்கவைத்துக்கொண்டது ஒரு தேர்வு. போலீசால் பொய் வழக்கில் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினத்தவன், வேறு எந்தக் குற்றமும் செய்யாதவனாக இந்தப் படத்தில் இருக்க முடியாது. என் பார்வையில் படத்தின் மிகப்பெரிய கோழைத்தனம் இதுதான்.

6. மறுதரப்பு

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்க முடியாது. முதுகில் சுட்டதோடு படம் முடிவதில்லை. எக்ஸ்லி விசாரணை அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறார். கண்ணாடிக்கு அப்பால் மேலதிகாரிகள் கணக்குப் போடுகிறார்கள்: டட்லியை அம்பலப்படுத்தினால் துறையின் மானம் போகும்; டட்லி கடமையில் வீரமரணம் அடைந்தார் என்று சொல்லிவிடலாம். எக்ஸ்லிக்கு அது தெரியும். கதைக்கு ஒரு வீரர் போதாது, இன்னொருவரும் தேவை என்று அவரே எடுத்துக்கொடுக்கிறார். இரண்டாவது பதக்கம் குத்தப்படுகிறது.

படத்தைத் தனிமனிதத் தீமை பற்றிய கதை என்று குறைப்பவர்களுக்கு எதிராக இந்தக் காட்சியை வைக்கலாம். கிறிஸ்துமஸ் இரவுக்குப் பின் நடந்த பேரமும் இதுவும் ஒரே அறை, ஒரே ஆட்கள், ஒரே கணக்கு. டட்லி செத்தாலும் அவரை உருவாக்கிய இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்லி அதன் புதிய உதிரிபாகம். அந்த அளவில் படம், தன் கதை மறந்ததைத் தன் அமைப்பில் நினைவு வைத்திருக்கிறது.

ஆனால் அந்தக் காட்சிக்குச் சற்றுப் பின்பே பட் வைட்டின் காதலி லின் பிராக்கன் (கிம் பேசிங்கர்) காரோடு வருகிறார், பட் வைட் கட்டுகளோடு பின்னிருக்கையில் உயிரோடிருக்கிறார், இருவரும் அரிசோனாவுக்குப் புறப்படுகிறார்கள். வெயில், புன்னகை, கையசைப்பு. நாவலில் டட்லி தண்டனையின்றித் தொடர்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வழியனுப்பு எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டது என்பது தெரியும். ஃபிரிட்ஸ் லாங்கின் 'தி பிக் ஹீட்' வெளிவந்தது 1953இல், அதாவது இந்தப் படத்தின் கதை நடக்கும் ஆண்டில். அதிலும் ஊழல் பிடித்த காவல்துறை, நேர்மையான ஒருவன், முடிவில் சுத்திகரிப்பு. அவன் தன் பழைய மேசைக்குத் திரும்புகிறான். 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' தோற்றத்தில் 'சைனாடவுன்' படத்தின் தம்பி. நம்பிக்கையில் 'தி பிக் ஹீட்' படத்தின் பிள்ளை.

7. 1997இன் பார்வையாளர்

படம் வந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகருக்கு 1951ஐ நினைவூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. 1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் சாலையில் போலீசாரால் அடிக்கப்பட்ட காணொளியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அடித்தவர்கள் 1992 ஏப்ரலில் விடுதலையானபோது நகரம் எரிந்ததையும் பார்த்திருந்தார்கள். கிங் அடிக்கப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் ஆணையம் 1991இலேயே காரணங்களை அடுக்கியிருந்தது: மிதமிஞ்சிய வன்முறையை மீண்டும் மீண்டும் செய்யும் அதிகாரிகள், கண்டும் காணாத மேலதிகாரிகள், நீக்க முடியாத தலைமை. பார்க்கரின் காலத்தில் கெட்டிப்பட்ட அந்தச் சாசனப் பாதுகாப்பு 1992 ஜூனில் வாக்கெடுப்பின் மூலம் தளர்த்தப்பட்டது. ஆணையத்தின் குற்றப்பட்டியலில் மையமாக இருந்தது கை, காசு அல்ல. அதே காலத்தில் அதே நகரத்தைப் பற்றி வந்த மிகப் புகழ்பெற்ற போலீஸ் படம், கையில் தொடங்கிக் காசுக்கு நழுவியது.

பிறகு வந்த, லாஸ் ஏஞ்சலிஸ் போலீசின் ராம்பார்ட் பிரிவு பற்றிய ஊழல் வழக்கு படத்தின் பக்கம் நின்று பேசுவது போலத் தோன்றும். படம் வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1997 நவம்பரில், டேவிட் மேக் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர் வங்கியொன்றில் 7,22,000 டாலர் கொள்ளையடித்தார். அடுத்த ஆண்டு ரஃபேல் பெரெஸ் என்ற அதிகாரி, சாட்சியப் பொருள் கிடங்கிலிருந்து கொக்கெய்ன் திருடியதற்காகப் பிடிபட்டார். காசு ஊழல் திரும்பி வந்துவிட்டது, ஹான்சன் தீர்க்கதரிசி என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெரெஸ் 1999இல் தண்டனைக் குறைப்புக்காகப் பேசத் தொடங்கியபோது வெளிவந்தவற்றில் கனமானது கொக்கெய்ன் அல்ல. நிராயுதபாணியான ஹாவியர் ஓவான்டோ என்ற இளைஞரை 1996இல் போலீசாரே சுட்டு முடமாக்கி, பக்கத்தில் துப்பாக்கியைப் போட்டு, பொய்ச் சாட்சி சொல்லிச் சிறைக்கு அனுப்பியது. எழுபதுக்கு மேற்பட்ட அதிகாரிகளின் பெயர்கள் அடிபட்டன. நூற்றுக்கு மேற்பட்ட தண்டனைத் தீர்ப்புகள் ரத்தாயின. சாட்சியத்தைத் திணிப்பது, அடிப்பது, சுடுவது: டட்லியின் மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று சொன்ன அந்த அதிகாரிகளில் பெரும்பாலோர்மீது மாமூல் குற்றச்சாட்டே இல்லை.

ஓவான்டோ 23 ஆண்டுத் தண்டனையில் சிறையிலிருந்தார். 1999இல் விடுவிக்கப்பட்டார். நகரம் அவருக்குக் கொடுத்த இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலர்.